பாய் நின்ற இடம்

வடசேரி, நாகர்கோவில்
3 ஜனவரி 2025

உரிமையாளர்,
ஷரீஃப் கயிற்று மண்டி,
புதுக்கடை.

ஐயா,

எங்கள் பயிற்சி நிலையத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டும், நாலு சுவருக்கு வெளியே நடத்தும் பாடங்களும் சொல்லிக்கொடுக்கிறோம். அதற்குப் பொறுப்பு நான். இந்த மாதத்திலிருந்து சில சனிக்கிழமைகள் கடியப்பட்டணம் கடற்கரையில் வகுப்பு. கடல் அமைதியாக இருக்கும் பருவம் இதுதான்.

கஷ்டம் மணலில். சக்கர நாற்காலி புதைகிறது, ஊன்றுகோல் இறங்குகிறது. சென்னை மெரினாவில் இதற்கென்று மரப்பாதை போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு அது கட்டுப்படியாகாது. தடித்த தேங்காய்த் தும்புப் பாய் விரித்தால் அதன்மேல் சக்கரம் உருளும் என்று எனக்குத் தெரியும். பாய்ச்சுருள்களுக்கு நடுவில் நாற்காலி ஓட்டித்தான் நான் வளர்ந்தேன்.

தார் ரோட்டிலிருந்து ஈரமணல் தொடங்கும் இடம் வரை, இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே தாராளமாகப் போகும் அகலத்தில், பாய் வாடகைக்கு வேண்டும். விரித்துச் சுருட்ட ஆளும் வேண்டும். சலுகை வேண்டாம்.

இது வியாபாரக் கடிதம். பதிலில் வேறு விஷயம் எதையும் சேர்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
ரிஸ்மா ஷரீஃப்


புதுக்கடை
7 ஜனவரி 2025

வாடிக்கையாளர் ரிஸ்மா அம்மாளுக்கு ஸலாம்.

பாய் உண்டு. நீ கேட்கிற தடிமனில் கையால் முடைந்த சரக்கு. ஓரத்தில் இரட்டைக் கயிறு ஓட்டித் தருகிறேன், சக்கரம் ஏறினால் பிரியாது. இரண்டு சுருள் சேரும் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி வைத்தால் மேடாகிவிடும், நாற்காலி தட்டும். வாயோடு வாய் வைத்துத் தைக்க வேண்டும். எபிசன் தைப்பான். அவனும் லாரியும் வரும். வாடகையை நீயே போட்டு அனுப்பு, நான் வெட்ட மாட்டேன்.

வேறு விஷயம் சேர்க்காதே என்கிறாய். சேர்ப்பேன். தபால்தலைக்குக் காசு கொடுத்துவிட்டுப் பாதிக் காகிதத்தை வெள்ளையாக அனுப்புகிறவன் நான் இல்லை.

என் நம்பரை பிளாக் செய்து நாலு மாதம் ஆகிறது. உன் உம்மாவின் போனில் பேசலாம் என்று பக்கத்தில் போய் நின்றால், "வாப்பாக்க மூச்சு கேக்குது, வைக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். மூச்சை அடக்கிக்கொண்டும் நின்று பார்த்தேன். அதையும் கண்டுபிடித்துவிட்டாய். ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கிற மகளுக்குத் தபால் எழுதுகிறவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

அப்படி என்ன செய்துவிட்டேன்? உன் நிலையத்து சுந்தர்சிங் சாரைப் பார்த்தேன். கடல், மலை என்று என் பிள்ளையை அனுப்பாதீர்கள், ஆபீஸில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள் என்றேன். நாற்காலி அவளிடமே இருக்கிறது, மேசை மட்டும் போதும் என்றும் சொன்னேன். பதிலுக்கு நிலையத்துக்கு ஒரு அறை கட்டித் தருகிறேன் என்றேன். அவர் அதை நேராக உன்னிடமே வந்து சொல்லுவார் என்று எதிர்பார்க்கவில்லை. நான் கண்ட அதிகாரிகளில் அந்த ரகம் குறைவு. மறுநாளே நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு வடசேரிக்குக் குடிபோய்விட்டாய்.

இதை எழுதி முடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்து வெளியே போய்விட்டு வந்தேன். மண்டியில் ஒரு வேலையும் இல்லை. சும்மா போனேன்.

இப்படிக்கு,
முஹம்மது ஷரீஃப், உரிமையாளர்


வடசேரி
19 ஜனவரி 2025

ஐயா,

மேலே இருக்கிற சொல்லோடு இந்தக் கடிதத்தையும் நடத்திவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

வாப்பா,

நேற்று காலையில் பிள்ளைகள் பாயில் இறங்கினார்கள். பாய் நன்றாக இருந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நாற்காலிகள் ரோட்டில் போவதுபோலப் போயின. முன்னால் போனது ஜின்சி. பன்னிரண்டு வயது. இரண்டு கைக்கும் ஊன்றுகோல். அந்தக் கடியப்பட்டணத்துப் பிள்ளைதான். அப்பா கடல் தொழில், அம்மா மீன் விற்கிறார். கடலுக்கு அடுத்த தெருவில் பிறந்து இன்றைக்கு வரை அதில் கால் நனைத்ததில்லை. வீட்டில் விட்டதில்லை.

ஜின்சி திடீரென்று நின்றாள். பின்னால் எல்லோரும் நின்றோம். பாய் முடிந்துவிட்டது. ஈரமணலுக்கும் எங்களுக்கும் நடுவில் நம் மண்டி அகலத்துக்கு உதிரிமணல் கிடந்தது.

"மீதிப் பாய் எங்க எபிசண்ணே?"

"இவ்வளவுதான் மக்கா ஏத்திவிட்டாவ."

"லாரியில தார்ப்பாய்க்கு அடியில சுருட்டி வச்சிருக்கது என்னது?"

அண்ணன் கடலைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். "ஈரம் பட்டா பாய் கெட்டுப்போவும்லா? மொதலாளி அப்படித்தான் சொல்லச் சொன்னாவ."

வாப்பா, தேங்காய் மட்டையைக் காயல் தண்ணீரில் மாதக்கணக்கில் மூழ்கப் போட்டு, அது ஊறி அழுகி நாறின பிறகு அடித்து எடுப்பதுதான் தும்பு. அந்த நாற்றத்தோடுதான் நீங்கள் தினமும் வீட்டுக்கு வருவீர்கள். அதற்கு ஈரம் ஆகாதாம்! பொய் சொல்வதென்றால் நம் தொழிலை விட்டு வேறு எதிலாவது சொல்லியிருக்கலாம்.

அன்றைக்குக் கள்ளக்கடல் ஏறும் என்று உம்மாவிடமும் சொல்லி வைத்திருந்தீர்களாம். வானம் தெளிவாக இருக்கும்போதே சொல்லாமல் ஏறிவருகிற அந்த அலையைப் பற்றி எங்களுக்கும் தெரியும். எச்சரிக்கை எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் போனோம். எங்களோடு தண்ணீரில் நிற்கிற ஷிஜின் அண்ணன் அதே கரையில் வள்ளம் இறக்குகிறவர், அவரையும் கேட்டோம். நேற்று கடல் கள்ளம் செய்யவில்லை. உங்கள் பாய்தான் செய்தது.

ஸ்கூலில் பி.டி. பீரியட் வந்தால் எல்லோரும் கிரவுண்டுக்கு ஓடுவார்கள். என் வேலை வேப்பமரத்தடியில் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல் இருப்பது. பத்து வருடம் இருந்தேன். ஒரு தடவை பந்தைக் கேட்டதற்கு, "ஒனக்க வாப்பா வந்து சொல்லிட்டுப் போயிருக்காரு, ஒன்ன அசைக்கப்பிடாதுன்னு" என்றார் மாஸ்டர். நேற்று பாய் முனையில் அதேபோல ஒன்பது பிள்ளைகளை உட்கார வைத்தேன்.

ஜின்சி கேட்டாள்: "டீச்சர், கடலு அங்க கெடக்கு. நாம இங்க இருக்கோம். அப்ப எதுக்கு வந்தோம்?"

பிப்ரவரி முதல் தேதி முழு நீளமும் விரிக்க வேண்டும். முடியாதென்றால் இன்றே சொல்லுங்கள். ஆலப்புழையிலிருந்து வரவழைத்துக்கொள்கிறோம்.

ரிஸ்மா


புதுக்கடை
22 ஜனவரி 2025

மகள் ரிஸ்மாவுக்கு,

ஆமாம், நான்தான் நிறுத்தச் சொன்னேன். எபிசனைத் திட்டாதே. அவனுக்குப் பொய் வராது, அதனால்தான் லாரியைப் பார்த்திருக்கிறான். வேறு ஆளை அனுப்பியிருக்க வேண்டும்.

ஆலப்புழைச் சரக்கா? அங்கே இப்போது பாதிக்கு மேல் மெஷின் முடைச்சல். உன் நாற்காலி நாலு தடவை ஏறினால் நடுவில் குழி விழும். என் மேல் கோபம் இருந்தால் என் மேல் காட்டு, நல்ல கரைக்கு மட்டச் சரக்கை விரிக்காதே.

உனக்கு நீச்சல் தெரியும் என்பாய். கோயம்புத்தூரில் படித்தபோது கற்றுக்கொண்டாய். அது தொட்டி. நாலு பக்கமும் சுவர், தண்ணீர் போட்ட இடத்தில் கிடக்கும். கடலுக்குச் சுவர் உண்டா? இடுப்புக்குக் கீழே பலம் இல்லாமல் நீ பிறந்த அன்று டாக்டர் உன்னை என் கையில் வைத்து, "பாத்து" என்று ஒரு வார்த்தை சொன்னார். நான் சைக்கிளில் கயிற்றுக்கட்டு வைத்துச் சந்தை சந்தையாக மிதித்துக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு உடையும் சரக்கைத் தனியாகக் கட்டத்தான் தெரியும். அன்றிலிருந்து அதைத்தான் செய்கிறேன்.

இப்போது எழுதின வரியைப் படித்தால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அடிக்கலாம் என்று பேனாவை வைத்தேன். அடிக்கவில்லை. கிடக்கட்டும்.

ஆனால் ஒன்று. புதுக்கடையில் என்னைக் கருமி என்பார்கள், கோபக்காரன் என்பார்கள். அளவு குறைத்தவன் என்று ஒருத்தன் சொன்னதில்லை. நீ சொல்லிவிட்டாய். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. குழம்பில் உப்புக் கூடிவிட்டதோ என்று உன் உம்மா ரசம் வைத்துத் தந்தாள். முழு நீளமும் வரும். ஈரமணலுக்கு மேலேயே ஒரு சுருள் போகும்படி சொல்லியிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், வாடிக்கையாளரிடம் கேட்பதாகவே வைத்துக்கொள். அவ்வளவு பாடுபட்டுத் தண்ணீருக்குள் போய் என்ன செய்வீர்கள்?

வாப்பா


வடசேரி
26 ஜனவரி 2025

வாப்பா,

நல்ல கேள்வி. முதலிலேயே கேட்டிருக்கலாம்.

விழுவோம். அதுதான் முதல் பாடம்.

பயப்படாமல் மீதியையும் படியுங்கள். எல்லோருக்கும் மிதவை உடுப்பு. கரையிலிருந்து தண்ணீருக்குள் ஒரு கயிறு இழுத்துக் கட்டியிருப்போம். ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். என் தோழி பெமிலாவும் ஷிஜின் அண்ணனும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள். முழங்கால் தண்ணீரில் என் நாற்காலியை நானே சரித்து விழுந்து காட்டுவேன். வாயை மூடு, கையை விரி, அலை திரும்பிப் போகட்டும், பிறகு கையைத் தூக்கு. அவ்வளவுதான். மூன்று வாரமாக மெத்தையில் விழுந்து, நிலையத்துத் தொட்டியில் விழுந்து, சிரித்துச் சிரித்துப் பழகியிருக்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகளை யாரும் விழ விட்டதே இல்லை, வாப்பா. தடுமாறினாலே நாலு கை வந்து தூக்கிவிடும். அதனால் விழுந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாததால் எதற்கும் பயம். பஸ்ஸுக்கு, படிக்கு, மழைக்கு, ஆள்கூட்டத்துக்கு. ஒரு தடவை நன்றாக விழுந்து எழுந்த பிள்ளை அடுத்த நாள் கடைக்குத் தனியாகப் போகிறது. நான் கண்ணால் கண்டது.

எனக்கு விழக் கற்றுக்கொடுத்தவர் கோயம்புத்தூரில் ஒரு மாஸ்டர். அந்த வருடம்தான் நான் முதல்முதலாகத் தனியாக ரயில் ஏறி ஊருக்கு வந்தேன். வள்ளியூர் தாண்டின பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் திட்டினீர்கள்.

பாய் போதும். எபிசண்ணன் போதும். நீங்கள் வர வேண்டாம். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

உம்மாவிடம் பெருநாளைக்கு வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உங்களிடமும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

ரிஸ்மா


வடசேரி
2 பிப்ரவரி 2025

வாப்பா,

கரையில் கவிழ்ந்து கிடந்த வள்ளத்துக்குப் பின்னால் நீங்கள் நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நேற்று வகுப்பையே நடத்தியிருக்க மாட்டேன்.

நீங்கள் பார்த்தது என்ன என்று எனக்குத் தெரியும். மகள் கவிழ்ந்தாள், அலை மூடியது. ஆனால் நடந்தது வேறு. நான் மூன்றாவது தடவை விழுந்து காட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வாயை மூடு! கையை விரி!" என்று எனக்குச் சொல்லித் தந்துகொண்டிருந்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். அடுத்த முறை ஜின்சிக்கு. முழங்கால் தண்ணீரில் தயாராக நின்றாள். அவள் அம்மா சகாயராணி அக்கா கரையில் தலைச்சுமையான மீன்கடவத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் "யா அல்லா, எனக்க பிள்ள!" என்று கேட்டது. ஷூவோடும் சட்டைப்பையில் போனோடும் வந்து விழுந்தீர்கள். என் மிதவை உடுப்பைப் பிடித்து இழுத்தீர்கள். அலை போகக் காத்திருந்த என்னை அலைக்கு நேராகத் திருப்பிவிட்டீர்கள். அதுவரை ஒரு மடக்குக்கூட நான் குடிக்கவில்லை. தோளில் தோல் உரிந்ததும் உங்கள் கைக்கடிகாரம் பட்டுத்தான்.

அது ஆறிவிடும். நான் சொல்ல வந்தது அது இல்லை.

பார்வையில்லாத பிள்ளைகள் உங்கள் குரலைக் கேட்டார்கள். காது கேளாதவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தர் பாக்கி இல்லாமல் எல்லோருக்கும் பயத்தைப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டீர்கள். மற்ற எட்டுப் பேரும் கொஞ்ச நேரத்தில் தேறிவிட்டார்கள். ஜின்சி கயிற்றை விட்டுவிட்டு அலறினாள். அவள் அம்மா ஓடிவந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை, வாப்பா, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல.

சாயங்காலம் பெமிலா அவர்கள் வீட்டுக்குப் போனாள். ஜின்சி அவளிடம் சொன்னது இது: "டீச்சருக்க வாப்பாவே அப்படிப் பயந்துட்டாவ. அப்ப விழுந்தா செத்துதானே போவோம்? நீங்க சும்மா பொய் சொன்னிய."

நிலையத்துக்கே இனி வரமாட்டாளாம். அம்மாவும் அனுப்ப மாட்டேன் என்கிறார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. சுந்தர்சிங் சாரிடம் போனீர்கள், பாயைக் குறைத்தீர்கள், இப்போது இது. ஒவ்வொரு தடவையும் என் மேல் உள்ள பாசத்தால்தான். அதனால்தான் இதற்கு முடிவே வராது என்று தோன்றுகிறது. பெருநாள் விஷயத்தை உம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். இந்தப் பருவத்து வகுப்புகள் முடிந்ததும் பாய் வந்து சேரும். இனி கடிதம் வேண்டாம்.

ரிஸ்மா


புதுக்கடை
10 பிப்ரவரி 2025

ரிஸ்மா,

கடிதம் வேண்டாம் என்றாய். இது சரக்கு நிலவரம் என்று வைத்துக்கொள்.

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மூன்று நாள் மண்டிக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். உனக்குப் பதில் எழுதினால் எனக்காகத்தான் வாதாடுவேன் என்று பட்டது. அதனால் எழுதவில்லை. நேற்று கடியப்பட்டணம் போனேன்.

சகாயராணி வீட்டு வாசலிலேயே கடவத்தை வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "பாய், மீனு வேணுமா, வழி கேக்கணுமா?" என்றாள்.

"ஒரு காரியம் பேசணும் பிள்ளே."

"பேச்சுக்கு இங்க வெல இல்ல. மீனு வாங்கும், பேசும்."

கடவத்தில் இருந்த சாளை மீன் முழுவதையும் எடுத்தேன். விலை கேட்கவில்லை. அங்கேதான் தப்புச் செய்தேன். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். "வெல கேக்காம எடுக்கியீரு. அண்ணைக்கு ஷூவோட கடல்ல சாடின பாய்லா நீரு?"

ஆமாம் என்றேன். சனிக்கிழமை ஜின்சியை அனுப்ப வேண்டும் என்றேன். அவள் சிரித்த சிரிப்புக்கு அடுத்த வீட்டுக்காரி வெளியே வந்துவிட்டாள்.

"எனக்க மாப்பிள்ள இப்பமும் கடல்லதான் கெடக்காரு. எனக்க அண்ணன கடலு கொண்டுபோச்சு. எனக்குக் கடலப் பத்தி சொல்ல புதுக்கடையில இருந்து கயிறு விக்கிய பாய் வந்திருக்காரு, கேட்டியா ஏட்டி!"

"நான் கடலப் பத்தி ஒண்ணும் சொல்லல. எனக்குத் தெரியாது. முட்டுக்கு மேல நனைஞ்சதே அண்ணைக்குத்தான்."

"அப்ப எதுக்குச் சாடினீரு?"

"புத்தி இல்லாம."

"புத்தி இல்லாம ஒண்ணும் இல்ல. பெத்ததுனால. எனக்க பிள்ள அங்க நின்னா நானும் அதத்தான் செஞ்சிருப்பேன். பொறவு எந்த வாய வச்சு என்கிட்ட அனுப்புன்னு கேக்க வந்தீரு?"

மகளே, நான் முப்பது வருடம் வியாபாரம் செய்தவன். எதிராளி சரியாகச் சொன்னால் மறுக்கக்கூடாது, அதையே பிடித்துக்கொண்டு ஏற வேண்டும்.

"பெத்ததுனாலதான் சாடினேன். ஆனா கேளு. எனக்க மோளு விழல, அவளே எறங்கினா. கடலு அவள ஒண்ணும் செய்யல. நான் போய் இழுத்த பொறவுதான் தண்ணி குடிச்சா. அவ தோள்ல தோல் போனது எனக்க வாச்சு பட்டு. அண்ணைக்கு அந்தத் தண்ணிக்குள்ள அவளுக்குக் கேடு வந்தது என்னாலதான். ஒனக்க பிள்ள பாத்ததும் அதத்தான். கடலப் பாத்து அவ பயப்படல, என்னப் பாத்துப் பயந்திருக்கா."

அவள் மீனுக்குத் தண்ணீர் தெளித்தாள். உள்ளேயிருந்து ஊன்றுகோல் சத்தம் கேட்டது. ஜின்சி வாசலில் வந்து நின்று என் காலைப் பார்த்தாள்.

"ஒங்க ஷூ கெடைச்சா?"

"ஒண்ணு கெடச்சு."

"மத்தது?"

"கடலு வச்சுக்கிட்டு."

"ஒண்ணாட்டு வச்சு அது என்ன செய்யும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பதைத் தாய் பார்த்தாள். நானும் பார்த்தேன், ஆனால் பார்க்காததுபோல மீனை எடுத்துப் பையில் போட்டேன். பேரம் படிகிற நேரத்தில் வாயைத் திறக்கக்கூடாது.

கடைசியில் சகாயராணி சொன்னாள்: "அனுப்பியேன். நானும் கூட எறங்கியேன். ஆனா ஒண்ணு பாய், நீரு அங்க வரப்பிடாது. ஒம்ம மூஞ்சியக் கண்டா பிள்ளைக்கு அண்ணைக்கு நீரு ஓடுன ஓட்டந்தான் ஓர்ம வரும். கரையில நிக்கப்பிடாது, ரோட்டுல நிக்கப்பிடாது, லாரிக்குள்ள ஒளிஞ்சும் இருக்கப்பிடாது. சனியாழ்ச்ச நீரு புதுக்கடையில இருக்கணும். சம்மதமா?"

நான் யோசிக்க நேரம் கேட்டேன். தரவில்லை. சம்மதித்தேன். இவ்வளவு அடிபட்ட பேரம் என் ஆயுசில் இல்லை.

உன்னிடம் ஒன்றும் கேட்டு இதை எழுதவில்லை. பெருநாளைப் பற்றிக்கூட. சாளை நல்ல சரக்கு. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தும் மிஞ்சியது.

வாப்பா


வடசேரி
12 பிப்ரவரி 2025

வாப்பா,

நேற்று ஜின்சி தொட்டிக்கு வந்தாள். வந்ததும் என் தோளைத்தான் பார்த்தாள். "வாச்சு பட்டதா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். காயத்துக் கட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். "இவ்வளவுதானா?" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டாள். விழவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமை விழுவாளா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

சகாயராணி அக்கா போன் செய்தார். உங்கள் பேரத்தை அவர் சொன்ன விதம் வேறு. அதை எழுத மாட்டேன்.

நீங்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுக்கு நடுவிலேயே எழுந்துபோய் லாரியில் கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பீர்கள். சனிக்கிழமை காலை முழுவதும் எப்படி இருப்பீர்கள் என்று பெமிலா கேட்கிறாள். இருக்க மாட்டார் என்று நான் சொன்னேன். தப்பாகச் சொல்லியிருந்தால் நல்லது.

ரிஸ்மா


புதுக்கடை
15 பிப்ரவரி 2025, சனிக்கிழமை காலை

ரிஸ்மா,

மண்டியில் இருக்கிறேன். இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கையில் பேனா இருந்தால் கால் கொஞ்சம் சொன்னபடி கேட்கிறது.

எபிசன் முதலில் ஒரு தடவை கூப்பிட்டான். முழுசும் விரித்தாயிற்று, ஈரமணலைத் தாண்டிக் கிடக்கிறது என்றான். பிள்ளைகள் வந்துவிட்டார்களா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் பிறகு விட மாட்டேன் என்று தெரியும். போனை அணைத்து உன் உம்மாவிடம் கொடுத்தேன். பைக் சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவளுக்கு என் மேல் இருக்கிற நம்பிக்கை அவ்வளவு.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு ஆள் கயிறு எடுக்க வந்தான். விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டேன்போல, மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஓடிப்போய்ப் பிடிக்கலாம். ஓடினால் ரோட்டுக்கு வருவேன். ரோட்டுக்கு வந்தால் எங்கே நிற்பேன் என்று எனக்கே தெரியாது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்நேரம் தண்ணீரில் இருப்பீர்கள். நீ சரித்து விழுந்து காட்டியிருப்பாய். எழுந்திருப்பாய். எழுந்திருப்பாய் என்று எழுதுகிறபோது பேனா அழுந்திக் காகிதம் கிழிந்துவிட்டது, மன்னித்துக்கொள். இனி ஜின்சி. அந்தப் பிள்ளை விழுந்ததா, அழுததா, அவள் தாய் கயிற்றைத் தாண்டி ஓடினாளா, எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்று தடவை எழுந்து வாசல் வரை போனேன். மூன்று தடவையும் திரும்பி வந்து உட்கார்ந்தேன். நாலாவது தடவை எழவில்லை. சுருட்டி வைத்த ஒரு பாயின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். குத்துகிறது.

உன்னைத் தனியாக விட்டால் என்ன ஆகும் என்று இத்தனை வருடம் நினைத்தேன். உன்னை விட்டுவிட்டு நான் என்ன ஆவேன் என்று நினைத்ததில்லை. இன்று காலை அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்ல காட்சி இல்லை. ஆனால் செத்துவிடவில்லை.

நீ பதில் எழுத வேண்டாம். இன்று கரையில் என்ன நடந்தது என்று எனக்கு எப்படியும் தெரிந்துவிடும், எபிசனுக்குப் பொய் வராது. ஆனால் அவன் லாரி வருவதற்கு முன்பே இதை உறையில் போட்டுத் தபாலில் சேர்க்கப் போகிறேன். செய்தி தெரிந்த பிறகு போட்டால் இது வேறு கடிதம் ஆகிவிடும்.

தபால்பெட்டி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில். இந்த நேரம் குளச்சல் பஸ் வந்து நிற்கும். அதைப் பிடித்தால் வகுப்பு முடிவதற்குள் கரைக்கு வந்துவிடலாம். கண்டக்டர் தெரிந்தவன், கூப்பிடுவான்.

நான் பெட்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருவேன்.

வாப்பா